நீலகிரி கண்ட அரிவாள் அணு

விக்ரோலியில் கடை வைத்திருக்கும் எனக்கு ரத்தம்னா சிவப்பு, அவ்வளவுதான் தெரியும். அதன் வரலாற்றில் நம் நீலகிரிக்கும் இடமுண்டு என்பது படித்தபின்தான் புரிந்தது.

1910-இல் அமெரிக்க மருத்துவர் ஹெரிக் அரிவாள் வடிவச் சிவப்பணுவைப் பற்றி எழுதினார். 1952-இல் லேமன், கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அதையே கண்டனர்.

இவ்வணு சீக்கிரம் உடையும். உள்ளிருக்கும் இரும்புள்ள ‘ஹீம்’ ரத்தத்தில் சிந்தும். அதைப் பிடித்து அடக்கும் ஹீமோபெக்சின் புரதம் குறைந்துபோனால், ஹீம் ரத்தக்குழாயின் உட்சுவரைச் சீண்டி அழற்சியை மூட்டும். ரத்தம் உறையவும் தூண்டும்.

இது சாபமல்ல, மரபு. தாய் தந்தை இருவரும் இக்கூறைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. நோய் பரவலாக உள்ள சமூகங்களில் ஜாதகத்துக்கு முன்னால் ரத்தத்தைப் பார்ப்பதே பிள்ளைக்குச் செய்யும் முதல் தருமம்.