பாலாற்று ஏரிகளும் பண்டையோர் அறமும்

காஞ்சி மாநகரில் அன்னை காமாட்சி இருநாழி நெற்கொண்டு முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்தருளினாள் என்பது புராண வரலாறு. குளம் தொட்டு நீர் நிறுத்துவதும் அவ்வறங்களுள் ஒன்றாகும். அன்னை அறம் வளர்த்த தொண்டை நாட்டில் அரசரும் ஊராரும் அவ்வறத்தைத் தலைமேற்கொண்டு போற்றிய வரலாற்றைக் கல்வெட்டுக்களும் செப்பேடுகளும் இன்றும் சான்று கூறி நிற்கின்றன.

தொண்டை நாட்டின் பாலாறு ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறன்று. கன்னட நாட்டு நந்தி மலைப் பக்கத்தில் தோன்றி, ஆந்திர நாட்டின் ஒரு பகுதியைக் கடந்து, தமிழகத்துள் புகுந்து, வயலூர் அருகே கடலிற் கலக்கும் இவ்வாறு, மழைக்காலத்தில் சில நாட்களே பெருகியோடும். எஞ்சிய நாட்களில் மணற்பரப்பாகவே காட்சி தரும். சின்னாள் வெள்ளத்தைப் பன்னாள் வாழ்வுக்கு உரியதாக்க முன்னோர் கண்ட வழியே ஏரி. ஆற்றினின்று வரத்துக்கால் வெட்டி ஏரியை நிரப்பினர்; மதகு வழியே வயலுக்கு நீர் விடுத்தனர்; மிகுந்த நீரைக் கலங்கல் வழியே அடுத்த ஊர் ஏரிக்கு அனுப்பினர். இங்ஙனம் ஓர் ஊரின் மிகுதி மற்றோர் ஊரின் உணவாயிற்று.

பல்லவ மன்னர் கோயிலையும் ஏரியையும் வேறு வேறாகக் கருதினாரல்லர். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், மகேந்திரவாடியில் ஒரே பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்தான். அக்கோயில் மகேந்திர தடாகத்தின் கரையில் அமைந்தது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு உரைக்கிறது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மன் காஞ்சிக்கு அண்மையிலுள்ள கூரத்தில் சிவபிரானுக்குக் கோயில் எழுப்பினான். பரமேசுவர தடாகத்தையும் அமைத்து, அதற்கு நீர் கொணரப் பாலாற்றினின்று பெரும்பிடுகு என்னும் கால்வாயையும் வெட்டுவித்தான். பூசைக்கும் பாரதம் வாசிப்பதற்கும் விட்ட நிவந்தங்களைக் கூறும் கூரம் செப்பேடே கால்வாயையும் கூறுகின்றது. இறைபணியும் நீர்ப்பணியும் ஒரே ஏட்டில் இடம்பெற்றமை சிந்திக்கத் தக்கதாகும்.

ஆயின், ஏரியை வெட்டுதலினும் அதனைக் காத்தலே அரிது. ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் நீரோடு வண்டலையும் கொணர்கிறது. அதனை அகற்றாவிடின் எத்துணைப் பெரிய ஏரியும் மேடாகிவிடும். இதனை நன்குணர்ந்தோர் உத்தரமேரூர்ச் சபையார். முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள், அவ்வூரில் குடவோலை முறையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த வகையை விளக்குகின்றன. அவற்றுள் ஏரி வாரியத்துக்கு உரியோர் அறுவர். அவர்தம் பதவிக்காலம் 360 நாட்கள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவராயினர். ஊர்ப் பொதுநீரைக் காப்போர் கை தூயதாயிருத்தல் வேண்டும் என்பதில் சபையார் கொண்ட உறுதி இதனாற் புலனாகும்.

பொருளுடையோரும் இப்பணியில் பின்னிற்கவில்லை. ஏரியின் பராமரிப்புக்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. வண்டலை வாரி வெளியேற்றும் ஓடங்களை நடத்துவதற்கும் அக்காலத்தார் முதல் வைத்தனர். திருவிளக்குக்குப் பொன் அளித்தலும் ஏரிச் சேற்றை அகற்றப் பொன் அளித்தலும் ஒத்த புண்ணியமாகவே எண்ணப்பட்டன.

பாலாற்றில் கலக்கும் கிளியாற்றின் நீரைத் தாங்குவது மதுராந்தகம் ஏரி. அங்கு எழுந்தருளியுள்ள இராமபிானுக்கு ஏரி காத்த பெருமாள் என்பது திருநாமம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை, பெருமழையில் கரை உடையுமோ என அஞ்சிச் சென்றபோது, இராமலட்சுமணர் கரையில் நின்று காக்கக் கண்டார் என்றும், அதன்பின் தாயார் சன்னிதித் திருப்பணியைச் செய்வித்தார் என்றும் தலவரலாறு கூறும். பெருமானே கரை காத்தார் எனில், கரை காக்கும் பணியின் பெருமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

காலப்போக்கில் ஊர்ச்சபைகளின் பொறுப்புக் குன்றியது. 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் குடிமராமத்துப் பணியைச் சட்டம் இயற்றி வற்புறுத்த நேர்ந்தது. அறமாக நின்றது சட்டமாக மாறிய பின்னரும், வண்டல் படிந்து தூர்ந்த ஏரிகளும் அடைபட்ட வரத்துக்கால்களும் பலவாயின. மன்னர் தோண்டிய ஏரி மன்னரோடு மறையவில்லை. காப்பவர் கை ஓய்ந்தபோதே அது மறையத் தொடங்கியது.

பன்னீராண்டுக்கு ஒருமுறை திருக்கோயிலைப் புதுக்கிக் குடமுழுக்காட்டுவது மரபு. அதற்குரிய புனித நீரும், அபிடேகத் தீர்த்தமும், நிவேதனத்துக்குரிய நெல்லும் நீர்நிலையின் கொடையே. ஆதலின் கோபுரத்தைப் புதுக்கும் அன்பர்கள் குளத்தையும் ஏரியையும் தூர் வாரிக் காப்பாராயின், முன்னோர் ஒரே ஏட்டில் எழுதிய இரு அறங்களும் மீண்டும் ஒன்றுபடும். மழை வளம் சிறக்க! ஆலயமும் ஊரும் நீடு வாழ்க!