மனைவி மக்களுக்கென ஒரு பாலிசி

ஒருவர் கடனோடு இறந்தால், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கடன் கொடுத்தவர் பாக்கியைக் கேட்கலாம். ஆயுள் காப்பீட்டுப் பணமும் அதில் போய்விட்டால் குடும்பம் என்ன செய்யும்? இதற்கு வழி செய்தது 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம். கணவர் தம் ஆயுளின் மீது மனைவி, பிள்ளைகள் நலனுக்கென எடுக்கும் பாலிசி, 6-ஆவது பிரிவின்படி அவர்களுக்கான அறக்கட்டளைச் சொத்தாகிறது. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபித்தால், பாலிசித் தொகையிலிருந்து தங்கள் பாக்கியை அவர்கள் கோரலாம்.

இந்துக்களுக்கு இப்பிரிவு பொருந்துமா என்பதில் நீதிமன்றங்கள் வேறுபட்டன. பொருந்தும் என்றது சென்னை உயர்நீதிமன்றம். அதனால்தான் 1923-இல் வந்த திருத்தம், இந்துக்கள், முஸ்லிம்கள் முதலானோர் சென்னை மாகாணத்தில் 31.12.1913-க்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கும், பிற இடங்களில் 1.4.1923-க்குப் பின் எடுத்தவற்றுக்கும் இப்பாதுகாப்பைத் தந்தது. அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த நம் களமருதூர்ப் பகுதிக்கு 9 ஆண்டுகள் முன்கூட்டிய பலன்!

வீட்டுக்கடன், தொழில்கடன் உள்ளவர்கள் கவனிக்கவும். நாமினி போடுவது வேறு, இது வேறு. பாலிசி எடுக்கும்போதே இச்சட்டத்தின்கீழ் வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். பிறகு சேர்க்க இயலாது.