பெருமூளைப் புறணித் தடிப்பு அளவீடு

பெருமூளைப் புறணித் தடிப்பு அளவீடு என்பது, எம்.ஆர்.ஐ. எனப் பரவலாக அறியப்படும் காந்த அதிர்வு அலை வரைவைக் கொண்டு, உயிருடன் இருக்கும் ஒருவரின் பெருமூளை வெளிப்படலத்தின் தடிப்பைக் கணிக்கும் முறையாகும். மண்டையோட்டைத் திறக்காமலே புறணியின் அமைப்பை ஆராய இது உதவுகிறது. எனினும் இம்முறை தருவது உயிரணுக்களின் நேரடிப் படம் அன்று. படத்தில் உள்ள வெளிர்வு வேறுபாடுகளில் இருந்து கணினி பெறும் ஒரு மதிப்பீடே ஆகும்.

புறணியின் அமைப்பு

புறணி, நரம்பணுக்களின் உடலங்கள் செறிந்த சாம்பல்நிறப் பொருளால் ஆனது. அதன் கீழே மயலின் உறை போர்த்த நரம்பிழைகளாலான வெண்பொருள் உள்ளது. புறணியின் பெரும்பகுதி ஆறு அடுக்குகளைக் கொண்டது. தடிப்பு சராசரியாக 2.5 மி.மீ. ஆகும். இயக்கப் பகுதியில் இது ஏறத்தாழ 4 மி.மீ. வரை கூடியும், முதன்மைப் பார்வைப் பகுதியில் 2 மி.மீ. அளவுக்குக் குறைந்தும் காணப்படுகிறது. கசக்கிய காகிதம் போல் மடிந்திருப்பதால், புறணி மேற்பரப்பின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் மறைந்துள்ளது.

வரலாறு

செருமானிய மருத்துவர் கொர்பினியான் புரோட்மன், இறந்தவர்களின் மூளையை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்து, புறணியை எண்ணிட்ட பகுதிகளாகப் பிரித்து 1909 இல் வெளியிட்டார். அவ்வெண்கள் இன்றும் வழக்கில் உள்ளன. காந்த அதிர்வைக் கொண்டு படம் பெறும் வழியைப் பால் லாட்டர்பர் 1973 இல் வெளியிட்டார். இதற்காக அவரும் பீட்டர் மான்சுபீல்டும் 2003 இல் நோபல் பரிசு பெற்றனர். எம்.ஆர்.ஐ. படத்தில் இருந்து புறணித் தடிப்பைத் தானியக்கமாக அளக்கும் முறையைப் புரூசு ஃபிசலும் ஆன்டர்சு டேலும் 2000 இல் வெளியிட்டனர். இம்முறை ஃபிரீசர்ஃபர் என்னும் கட்டற்ற மென்பொருளில் உள்ளது.

அளக்கும் முறை

மயலினில் கொழுப்பு மிகுதி. ஆகவே டி1 வகைப் படத்தில் வெண்பொருள் வெளிறியும், புறணி சாம்பல் நிறத்திலும், மூளையைச் சூழ்ந்த நீர்மம் கருமையாகவும் தோன்றும். மென்பொருள் முதலில் மண்டையோட்டின் படத்தை நீக்குகிறது. பின்னர் வெண்பொருளும் சாம்பல்நிறப் பொருளும் சந்திக்கும் எல்லையில் சிறு முக்கோணங்களாலான ஒரு வலையை அமைக்கிறது. அவ்வலை புறணியின் வெளி விளிம்பை அடையும் வரை வெளிநோக்கித் தள்ளப்படுகிறது. இரு வலைகளுக்கும் இடைப்பட்ட தொலைவே தடிப்பு ஆகும்.

வழக்கமான படத்தின் முப்பரிமாணப் படவணு ஒவ்வொன்றும் 1 மி.மீ. பக்கம் உடையது. அதாவது புறணியின் முழுத் தடிப்பும் இரண்டு மூன்று படவணுக்களுக்குள் அடங்கிவிடும். எல்லைக் கோட்டைப் படவணுக்களுக்கு இடையிலும் வைக்க முடிவதாலேயே ஒரு மி.மீ.க்கும் குறைந்த வேறுபாடுகளைக் கணிக்க இயலுகிறது.

பயன்களும் எல்லைகளும்

ஆல்சைமர் நோயில் உட்பொட்டுப் புறணி தொடக்கத்திலேயே மெலிவது இம்முறையால் அறியப்படுகிறது. ஆயினும் படத்தில் மெலிந்து காணும் புறணி எல்லாம் உயிரணுக்களை இழந்தது என்று கொள்ளக் கூடாது. குழந்தைகள் வளர்கையில் பார்வைப் புறணி மெலிவதாக நெடுங்காலம் கருதப்பட்டது. புறணியின் அடியடுக்குகளில் மயலின் கூடும்போது அப்பகுதி வெளிறி, வெண்பொருளாகக் கணக்கிடப்படுகிறது. இத்தோற்ற மெலிவில் இதற்குப் பங்குண்டு என 2019 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. 

படமெடுக்கும்போது தலையைச் சற்று அசைத்தாலும் புறணி மெலிந்ததாகக் கணிக்கப்படலாம். சிறுவர்களும் நோயாளிகளும் கூடுதலாக அசைவர் என்பதால், இப்பிழை நோயின் விளைவு போலவே தோற்றமளிக்கும். மென்பொருளும் இதற்கு விலக்கன்று. ஃபிரீசர்ஃபரின் 5.0.0 பதிப்பும் அதற்கு முந்தைய பதிப்புகளும் ஒரே படங்களுக்குச் சராசரியாக 2.8 விழுக்காடு வேறுபட்ட தடிப்புகளைத் தந்தன என 2012 இல் கண்டறியப்பட்டது. இயக்குதளத்தை மாற்றினாலும் முடிவு மாறியது. எனவே ஓர் ஆய்வின் இடையில் பதிப்பை மாற்றாதிருப்பதும், பயன்படுத்திய பதிப்பைக் குறிப்பிடுவதும் இன்றியமையாதவை.

புறணி வரைபடங்கள்

தடிப்புடன் மயலின் அளவு, மூளைச் செயற்பாடு, பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு ஆகியவற்றையும் சேர்த்து, ஒவ்வோர் அரைக்கோளத்திலும் 180 பகுதிகள் கொண்ட வரைபடம் 2016 இல் வெளியிடப்பட்டது. அவற்றுள் 97 பகுதிகள் புதியவை. தனித்தனி உயிரணுக்களைக் காண்பதற்கு இன்றும் சீவல்களே தேவைப்படுகின்றன. 2013 இல் வெளியான பிக்பிரெயின் 7,404 சீவல்களில் இருந்து உருவாக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் வளரும் மூளையின் 5,132 சீவல்களைக் கொண்ட 'தரணி' என்னும் தரவுத்தொகுதியை 2024 இல் வெளியிட்டது.