விருந்தாளியிடம் விட்ட அடுப்பு: தமிழகச் சத்திரங்களும் ஜப்பானிய வெந்நீரூற்று விடுதிகளும்

பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னம் வட்டாரத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் வீடு வந்து சேர்ந்தபிறகு காட்டுவேலை சற்றுத் தணியும். குலதெய்வம் கும்பிடவும் இராமேசுவரம், குற்றாலம் போய்வரவும் வேன் பேசுவது அந்த நாள்களில்தான். வேனின் பின்புறத்தில் அரிசி மூட்டை, அண்டா, எரிவாயு உருளை, மளிகைப் பை எல்லாம் ஏறிவிடும். இரவு தங்குவதற்கு லாட்ஜ் கிடைக்கும். ஆனால் அறைக்குள் சமைக்கக் கூடாது என்று அங்கே எழுதி ஒட்டியிருக்கும். ஆகவே சமையல் சாலையோரப் புளியமரத்தடியில் நடக்கும். கூரை ஓரிடத்தில், அடுப்பு வேறிடத்தில் என்ற இந்த நிலை அண்மைக் காலத்தது. முன்பு இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தன. பயணிக்குத் தங்க இடம் தந்து, அடுப்பை அவர் பொறுப்பிலேயே விட்ட தங்குமிடம் தமிழகத்தில் எவ்வாறு வளர்ந்தது, ஏன் மறைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இதே வழக்கம் ஜப்பானின் வெந்நீரூற்று விடுதிகளில் இன்றும் இருக்கிறது. அதனோடு ஒப்பிட்டால் நம் வரலாறு தெளிவாகும்.

நோயாளி தங்கிக் குணமாகும் இடத்துக்குத் தமிழகத்தில் பழைய சான்று உண்டு. காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழனின் (1063–1070) கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனையையும், அதன் மருத்துவர், அறுவை செய்வோர், பணிப்பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் ஆகியவற்றையும் அது விவரிக்கிறது. ஆனால் அங்கே நோயாளிக்கான சோற்றுக்குக் கோயிலே படி அளந்தது. நோயாளி அடுப்பு மூட்ட வேண்டியிருக்கவில்லை.

அடுப்பு பயணியின் கைக்கு வந்த இடம் சத்திரம். மதுரை நாயக்கர்களும் இராமநாதபுரம் சேதுபதிகளும் தஞ்சை மராட்டியர்களும் சேது யாத்திரை வழிகளில் சத்திரங்களை எழுப்பினர். தஞ்சைச் சத்திரங்கள் பல அரண்மனைப் பெண்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் ஆகியவை அவற்றுள் புகழ்பெற்றவை. குன்னம் பகுதி மக்களுக்குப் பெருவழி என்றால் அது திருச்சி–சென்னைச் சாலைதான். ரஞ்சன்குடிக் கோட்டையும் வாலிகண்டபுரமும் அதை ஒட்டியே இருக்கின்றன. பெயரிலேயே சத்திரத்தை வைத்திருக்கும் சத்திரமனை என்ற ஊரும் பெரம்பலூர் வட்டத்தில் உண்டு.

சத்திரத்துக்குள் நடந்தது என்ன என்பதற்கு மிகச் சிறந்த ஆவணம், தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி 1801இல் ஆங்கிலேயரின் தஞ்சை ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம். சத்திரங்களின் வருவாயைத் தம்மிடமிருந்து பிரித்துவிடக் கூடாது என்று வேண்டும் அக்கடிதம், சத்திரத்தின் ஒரு நாளை அப்படியே கண்முன் நிறுத்துகிறது. பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் அங்கே சோறு உண்டு. சமைத்த சோற்றை உண்ணாதவர்களுக்கு அரிசியும் மசாலைச் சாமான்களும் அளந்து தரப்படும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாரேனும் உண்டா என்று கூவி அழைப்பார்கள். நோயுற்று நடக்க முடியாதவர் குணமாகும்வரை அங்கேயே இருக்கலாம். வீக்கத்துக்கும் பாம்புக்கடிக்கும் மருத்துவர் இருந்தார்கள். தாயற்ற குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள். பேறுகாலப் பெண்களைக் கவனித்தார்கள். வழிப்பயணம், உணவு, மருத்துவம் மூன்றும் ஒரே முற்றத்தில் கூடியிருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அரிசியாக வாங்கிக்கொண்டவர் அடுப்பைத் தாமே மூட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டின் இரு முகங்களையும் பார்த்தாக வேண்டும். பிறர் சமைத்ததைத் தொடாத ஆசாரக்காரருக்கு இது உரிமை. கடிதம் சொல்வதுபோல எல்லோருக்கும் சோறு கிடைத்திருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே பந்தி கிடைக்கவில்லை. ஒரே படி அரிசி ஒருவருக்கு ஆசாரத்தைக் காத்தது, இன்னொருவரைப் பந்தியிலிருந்து தள்ளி நிறுத்தியது. நம் சத்திரங்களின் கொடையை நெஞ்சாரப் போற்றுகிற எவரும் இந்த இரண்டாவது உண்மையையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜப்பானில் இதே தங்குமுறை வேறு காரணத்தால் வேரூன்றியது. எடோ காலத்தில் (1603–1868) அங்கே நெடுஞ்சாலை விடுதிகள் இரண்டு வகை. சாப்பாட்டோடு தங்கவைப்பது ஹதாகோ. விறகுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, கொண்டுவந்த அரிசியைத் தாமே பொங்கிக்கொள்ள விடுவது கிச்சின்யாடோ. நம் சத்திரத்தில் அரிசி தர்மம். அங்கே விறகு விலை. ஒரு பக்கம் புண்ணியக் கணக்கு, மறுபக்கம் சில்லறைக் கணக்கு. வரலாறு பிரிந்த இடம் இதுதான் என்று கருதுகிறேன். தர்மம் கொடுப்பவரைச் சார்ந்து நிற்கும். அவர் ஆட்சி போனால் அதுவும் போகும். விறகுக் காசு வாங்கியவருக்கோ பயணி வரும்வரை பிழைப்பு உண்டு.

ஜப்பானிய நெல் உழவர்கள் அறுவடை முடிந்ததும் அரிசி, மிசோ என்ற சோயா விழுது, படுக்கை ஆகியவற்றைச் சுமந்து மலையூற்றுகளுக்குப் போனார்கள். தங்கி நீராடி உடம்பைத் தேற்றும் இந்த வழக்கத்துக்குத் தோஜி என்று பெயர். ஏழு நாள் ஒரு சுற்று, மூன்று சுற்று முடிந்தால் முழுச் சிகிச்சை என்பது கணக்கு. கைபரா எக்கென் 1713இல் எழுதிய யோஜோகுன் என்ற உடல்நல நூல், ஊற்று நீர் எல்லா நோய்க்கும் ஆகாது, அளவு மீறிக் குளிக்கவும் கூடாது என்று எச்சரிக்கிறது. மூன்று வாரம் தங்குகிற உழவருக்கு விடுதிச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்து மாளாது. அதனால் ஜிசுய் எனப்படும் சுயசமையல் அங்கே சிகிச்சையின் பகுதியாகவே ஆயிற்று.

அந்தச் சமையலறைகள் இன்றும் இருக்கின்றன. இவாத்தே மாநிலத்தின் ஓசாவா வெந்நீரூற்றில் சுயசமையல் பகுதி தனிக் கட்டடமாக நடக்கிறது. காசு போட்டால் சிறிது நேரம் எரியும் எரிவாயு அடுப்புகள் இத்தகைய விடுதிகளில் வழக்கம். பக்கத்து அறைக்காரர் அரிந்த முள்ளங்கியில் பாதி உங்கள் தட்டுக்கு வருவது பொது அடுப்பின் இயல்பு. பெப்புவின் கன்னாவா பகுதியில் விறகும் வேண்டாம். தரையிலிருந்து பீறிடும் ஆவியைக் கல் அடுப்புக்குள் திருப்பி, கிழங்கு, முட்டை, மீன் எல்லாவற்றையும் அதிலேயே வேகவைக்கிறார்கள். அரசும் தோஜி வழக்கத்துக்குத் துணை நின்றது. 1948இல் வெந்நீரூற்றுச் சட்டம் வந்தது. 1954இல் அவோமோரியின் சுக்காயு உள்ளிட்ட சில ஊற்றுகள் மக்கள் உடல்நலத் தலங்களாக அறிவிக்கப்பட்டன. பின்னாளில் பெருங்கூட்டச் சுற்றுலா வந்து விருந்துச் சாப்பாட்டு விடுதிகள் பெருகியபோதும், வடகிழக்கு மலைகளில் சுயசமையல் முற்றாக ஒழியவில்லை.

தமிழகத்தில் நடந்தது வேறு. 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில், பள்ளிவாசல் அறக்கட்டளைகளோடு சத்திரங்களையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தது. சத்திர நிதி படிப்படியாகக் கல்வியின் பக்கம் திரும்பியது. திருவையாற்று அரசர் கல்லூரி அந்த நிதியால் வளர்ந்தது. அது வீண்போன செலவு அல்ல. இன்னொரு கிளை மருத்துவத்துக்குப் போயிற்று. 1782இன் பஞ்சத்தில் சென்னையில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் வழியில்தான் பின்னாளைய ஸ்டான்லி மருத்துவமனை உருவானது. ஆக, சத்திரத்தின் சோறும் மருந்தும் வேறு வீடுகளில் குடியேறின. அடுப்புக்குத்தான் போக்கிடம் கிடைக்கவில்லை.

அந்த அடுப்பு மறைந்ததற்கான காரணங்களில் முதன்மையானது இரயில். 1920களின் இறுதியில் விழுப்புரம்–திருச்சி குறுக்குப்பாதை அரியலூர் வழியாகத் திறக்கப்பட்டது. மாட்டுவண்டியில் பல இரவுகள் தங்கிப் போன தூரம் ஓர் இரவுப் பயணமாயிற்று. இரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்குத் தனி இடம் என்ற பாகுபாடு பெரியார் நடத்திய போராட்டத்தால் 1941இல் நீங்கியது. ஓட்டல் சோறு எல்லோருக்கும் பொதுவானது பெரிய விடுதலை. அதன் பின்னால் தனி அடுப்பு தேவையற்றதாகத் தோன்றியதிலும் வியப்பில்லை.

நீரால் நோய் தீர்க்கும் தலம் நமக்கும் உண்டு. ஈழத்தில் திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. ஆனால் அங்கே சைவர்கள் பெரிதும் போவது இறந்தவருக்கான கடன் கழிக்க. தோஜிக்கு நெருங்கி வருவது குற்றாலம்தான். மூலிகை கலந்த நீர் என்ற நம்பிக்கையோடு ஆனி, ஆடிச் சாரலில் அருவியில் நிற்பவர்கள் இன்றும் ஆயிரக்கணக்கில். திருநெல்வேலிக் கலெக்டர்கள் பங்களா போட்டுச் சீசனைக் கழித்த ஊர் அது. வசதியுள்ள குடும்பங்கள் வீடு பிடித்து, பாத்திரம் பண்டத்தோடு வந்து, வாரக்கணக்கில் சமைத்துச் சாப்பிட்டு நீராடின. வசதியில்லாதவருக்கு அந்த வீடு எட்டவில்லை. விறகுக் காசுக்கு அடுப்பு தரும் ஏற்பாடு குற்றாலத்தில் நிலைபெற்றிருந்தால், மூட்டுவலிக்காரக் கூலித்தொழிலாளியும் பத்து நாள் அருவியில் நின்றிருக்க முடியும். இன்று அவர் ஒரே நாளில் நனைந்துவிட்டுத் திரும்புகிறார்.

சமைக்கும் ஆசை மட்டும் சாகவில்லை. பெரம்பலூருக்குத் தெற்கே சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் திறக்கிறது. அங்கே பெண்கள் ஊறவைத்த அரிசியைக் கோயில் வளாகத்திலேயே இடித்து, வெல்லம் கலந்து மாவிளக்கு போடுகிறார்கள். உரலும் உலக்கையும் தண்ணீரும் நிழலும் ஓரிடத்தில் இருந்தால், முன்பின் அறியாதவர்கள் மாறி மாறி உலக்கை போடுகிற காட்சியை அங்கே காணலாம்.

தஞ்சை அரண்மனையின், மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்து ஆவணங்களில் சத்திரக் கணக்குகளும் அடங்கும். அவற்றைக் கொடை வரலாறாக மட்டும் படித்து வந்திருக்கிறோம். யார் சோறு வாங்கினார், யார் அரிசி வாங்கினார், எத்தனை நாள் தங்கினார் என்ற கேள்விகளோடு அவற்றை மறுபடி திறக்க வேண்டும். குறிப்பாக, நோயுற்றுத் தங்கியவர்களின் அரிசியை யார் சமைத்துப் போட்டார்கள் என்பது அடுத்த ஆய்வாளர் முதலில் தேட வேண்டிய செய்தி.