இரவு நேர வலி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும்: பாதுகாப்பான பயன்பாடு

கொல்லிமலையில் காப்பி, மிளகு, மரவள்ளி, அன்னாசித் தோட்டங்களில் பகல் முழுவதும் மேடும் பள்ளமும் ஏறி இறங்கி உழைப்பவர்களுக்கு, இரவில் முழங்கால், இடுப்பு, தோள் ஆகியவற்றில் வலி எழுவது இயல்பு. வலியும் தீர வேண்டும், தூக்கமும் வர வேண்டும் என்று கடையில் மாத்திரை கேட்டு வாங்குபவர்கள் உள்ளனர். சரியான மாத்திரையைச் சரியான அளவில் ஓரிரு நாட்கள் உட்கொள்வதால் பெரும்பாலோருக்குத் தீங்கு நேர்வதில்லை. பெயரும் அளவும் தெரியாமல் உட்கொள்வதே ஆபத்தானது.

எவற்றை மருத்துவர் சீட்டின்றி வாங்கலாம்?

மக்கள்தொகை 1,000-க்கு மிகாத சிற்றூர்களில், பாரசிட்டமால், ஆஸ்பிரின், வலித் தைலம் போன்ற சில வீட்டு மருந்துகளை உரிமம் இல்லாத கடைகளும் விற்க மருந்துச் சட்ட விதிகள் இடமளிக்கின்றன. டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், நிமெசுலைடு ஆகிய வலி மருந்துகளை மருத்துவர் சீட்டின் பேரில், உரிமம் பெற்ற மருந்துக் கடையில் மட்டுமே வாங்க வேண்டும். நிமெசுலைடு மருந்தை 12 வயதுக்குட்பட்டோருக்குக் கொடுப்பது இந்தியாவில் 2011 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் ஆகிய தூக்க மருந்துகளும், டிரமடால் என்னும் வலி மருந்தும் ‘எச்1’ அட்டவணையைச் சேர்ந்தவை. இவற்றை விற்கும்போது மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் மருந்தாளுநர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். எனவே, சீட்டில்லாமல் இவற்றை எவரேனும் கொடுத்தால் வாங்கக் கூடாது.

‘செட்’ மாத்திரைகளைத் தவிர்க்கவும்

அட்டையிலிருந்து வெட்டி, இரண்டு மூன்று மாத்திரைகளைச் சேர்த்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் ‘செட்’ மாத்திரைகளில் மருந்தின் பெயர், அளவு, காலாவதி நாள் எதுவும் இராது. ஸ்டீராய்டு மருந்து அவற்றில் கலந்திருக்கக்கூடும். ஸ்டீராய்டு உட்கொண்ட அன்றே வலி குறைவதால் நல்ல மருந்து என்று தோன்றும். ஆனால், தொடர்ந்து உட்கொண்டால் இரத்தச் சர்க்கரை உயரும், எலும்பு வலுவிழக்கும், நோய்த் தொற்று எளிதில் பற்றும். நெடுநாள் உட்கொண்டு வந்தவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. அத்தகையோர் மீதமுள்ள மாத்திரைகளுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வர வேண்டும். மூட்டு வலிக்கென விற்கப்படும் பெயரில்லாத பொடிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

பாரசிட்டமால்: கணக்குப் பார்க்கவும்

பெரியவர்கள் ஒரு வேளைக்கு 500 மி.கி. முதல் 1,000 மி.கி. வரை உட்கொள்ளலாம். இரு வேளைகளுக்கிடையே குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 4,000 மி.கி. அளவைத் தாண்டக் கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், அன்றாடம் மது அருந்துபவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள் ஆகியோருக்கு இதனினும் குறைந்த அளவே பாதுகாப்பானது. அவர்கள் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

சளி மாத்திரை, உடல்வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எனப் பல பெயர்களில் விற்கப்படுபவற்றில் பாரசிட்டமாலே இருக்கலாம். எடுத்துக்காட்டாக, காய்ச்சலுக்கு 650 மி.கி. மாத்திரை நான்கு வேளை உட்கொண்டால் 2,600 மி.கி. ஆகிறது. அதே நாளில் 500 மி.கி. பாரசிட்டமால் கலந்த சளி மாத்திரையை மூன்று வேளை சேர்த்தால் மொத்தம் 4,100 மி.கி. ஆகிவிடும். ஆகவே, அட்டையின் பின்புறத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படித்துப் பார்க்கவும். படிக்க இயலாதவர்கள் செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டவும்.

தூக்கம் தரும் மாத்திரைகள்

குளோர்பெனிரமின் போன்ற ஒவ்வாமை மருந்துகள் தூக்கக் கலக்கத்தை உண்டாக்குவதால், சிலர் அவற்றைத் தூக்கத்திற்கென உட்கொள்கின்றனர். அந்தக் கலக்கம் மறுநாள் காலையிலும் நீடிக்கலாம். காரவள்ளிக்கும் சோளக்காட்டுக்கும் இடையே 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் மறுநாள் வாகனம் ஓட்ட வேண்டியவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். மரம் ஏறி மிளகு பறிப்பவர்களுக்கும் இது பொருந்தும். எந்தத் தூக்க மருந்தையும் மதுவுடன் சேர்த்து உட்கொண்டால் மூச்சு அடங்கி உயிரிழக்க நேரலாம்.

மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாதவர்கள்

• முதியோர்: தூக்க மருந்தால் தடுமாறி விழுதல், மனக்குழப்பம், சிறுநீர் அடைப்பு ஆகியவை ஏற்படலாம்.
• கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும்: குறிப்பாக, 20 வாரக் கர்ப்பத்திற்குப் பின் டைக்ளோபினாக், இபுபுரூபன் வகை மருந்துகளைத் தவிர்க்க வேண்டும்.
• இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், வயிற்றுப் புண் உள்ளவர்கள்: மேற்கண்ட வகை வலி மருந்துகள் இந்நோய்களை மோசமாக்கும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிற்கே மருந்து பெறுவோர், தாம் உட்கொள்ளும் பிற மாத்திரைகளைப் பற்றியும் பணியாளரிடம் கூற வேண்டும்.
• குழந்தைகள்: தூங்க வைப்பதற்காக எந்த மருந்தையும் கொடுக்கக் கூடாது.

உடனடியாக 108-ஐ அழைக்க வேண்டிய நிலைகள்

1. அளவுக்கு மேல் பாரசிட்டமால் உட்கொண்டால், உடல் நலமாகத் தோன்றினாலும் காத்திருக்கக் கூடாது. முதல் நாளில் குமட்டலுக்கு மேல் எதுவும் தெரியாமல் இருந்து, இரண்டு மூன்று நாட்களில் கல்லீரல் பாதிப்பு வெளிப்படலாம். மாற்று மருந்து முதல் 8 மணி நேரத்திற்குள் கிடைத்தால் மிகுந்த பலன் தரும். மலையிலிருந்து இறங்கும் பயண நேரமும் இதில் அடங்கும் என்பதால் உடனே புறப்பட வேண்டும். மாத்திரை அட்டையையும் உடன் கொண்டு வரவும்.

2. தூக்க மருந்து உட்கொண்டவரை எழுப்ப முடியாவிட்டாலோ, மூச்சு மெதுவாகவோ திணறலாகவோ இருந்தாலோ அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். வாயில் எதையும் ஊற்றவோ வாந்தி எடுக்க வைக்கவோ கூடாது.

3. தரையில் உறங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுடன் எழுந்தால், மாத்திரையின் மயக்கம் என்று விட்டுவிடக் கூடாது. கட்டுவிரியன் கடியில் வலியும் தடமும் தெரியாமல் போகலாம்.

4. இரவில் நெஞ்சு வலி, இடது கை அல்லது தாடை வலி, வியர்வை ஆகியவை தோன்றினால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது.

மாத்திரைக்கு முன்

வலியுள்ள இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். பிற்பகலுக்குப் பின் காப்பி, தேநீரைத் தவிர்த்தால் தூக்கம் எளிதாகும். மூன்று நாட்களுக்கு மேல் இரவு மாத்திரை தேவைப்பட்டாலோ, வலியுடன் காய்ச்சல், எடைக் குறைவு, கால் மரத்துப் போதல் இருந்தாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளவும். மனக்கவலையால் தூக்கம் கெட்டால் டெலி மனஸ் 14416 எண்ணிலும், மருந்து குறித்த ஐயங்களுக்கு 104 எண்ணிலும் தொடர்பு கொள்ளலாம்.