வெல்லெஸ்லி பாலம்

ஸ்ரீரங்கப்பட்டணம் போகிறவர்கள் பெரும்பாலும் திப்பு விழுந்த இடத்தையும் ரங்கநாதரையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். நான் போனது காவிரியின்மேல் 1804இல் எழுந்த கல் பாலத்துக்காக.

பெயர் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியுடையது. கட்டுவித்தவர் திவான் பூர்ணய்யா. ஹைதருக்கும் திப்புவுக்கும் வரவு செலவு பார்த்தவர். 1799 மே 4 அன்று திப்பு இறந்தபின், வென்றவர்கள் அரியணையில் உட்காரவைத்த சிறுவனுக்கு திவான். எஜமானர்கள் மாறினார்கள், இவர் மாறவில்லை. துரோகி என்று சொல்லிவிடலாம். பேங்கில் லெட்ஜர் எழுதுகிறவனுக்கு அந்த வார்த்தை சுலபமாக வாயில் வருவதில்லை.

கரையிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கிப் பார்த்தேன். வெள்ளைக்காரனின் வளைவு எங்கும் இல்லை. கல் தூண், அதன் தலையில் போதிகை, போதிகைமேல் கல் உத்தரம். முழுக்க முழுக்க மண்டபம் கட்டுகிற முறை. கல் உத்தரம் நீண்டால் தன் கனத்திலேயே முறியும். அதனால்தான் தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. போதிகை இரு பக்கமும் கை நீட்டி இடைவெளியைக் குறைக்கிறது. ஆயிரங்கால் மண்டபத்தை ஆற்றில் இறக்கிவிட்டதுபோல இருக்கிறது.

உருவத்தை இறக்குமதி செய்துகொண்டு பெயரை மட்டும் நம்முடையதாக வைத்துக்கொள்ளும் கவிதைகளை நாம் நிறையவே அச்சடித்திருக்கிறோம். இங்கே நடந்திருப்பது நேர் தலைகீழ். பூர்ணய்யாவின் உள்நோக்கம் என்று இதில் எதையும் நான் தேடவில்லை. பெயர் எஜமானுக்குப் போயிற்று. கல்லை நிறுத்தியவர்கள் தங்களுக்குத் தெரிந்தபடி நிறுத்தினார்கள்.

வெல்லெஸ்லி மறு வருஷமே கப்பலேறிவிட்டார். பூர்ணய்யா 1811வரை திவானாக இருந்தார். தூண்கள் பல வெள்ளங்களைப் பார்த்துவிட்டன.