ஏழு வாட் தண்டம்

இண்டூர் கடைத்தெருவில் நிற்கும் பெரும்பாலான பைக்குகளில் பேட்டரி 12 வோல்ட். செல்போன் கேட்பதோ 5 வோல்ட். இந்த வேலைக்கு 1970களிலிருந்து கைகொடுத்தது 7805 என்ற மூன்று கால் சில்லு. 1 ஆம்பியர் எடுத்தால் மீதி 7 வோல்ட்டும் வெப்பமாகிவிடும். 5 வாட் பயனுக்கு 7 வாட் தண்டம். மெக்கானிக்குகள் அதன் முதுகில் அலுமினியத் தகட்டைத் திருகி வைத்தது அதனால்தான்.

மின்சாரத்தை நெருக்கிப் பிடிக்காமல், மதகுபோல முழுக்கத் திறந்து முழுக்க மூடினால் இந்த நஷ்டம் பெருமளவு குறையும். அதற்கான கட்டுப்பாட்டை ஒரே சில்லுக்குள் அடக்கியது, சிலிக்கன் ஜெனரல் நிறுவனத்தில் பாப் மம்மானோ 1976இல் வடிவமைத்த எஸ்ஜி1524.

பிறகு நேஷனல் செமிகண்டக்டரின் எல்எம்2576 வந்தது. நொடிக்கு 52,000 முறை திறந்து மூடும். அதன் தம்பி எல்எம்2596க்கு அது 1,50,000. வேகம் கூடக்கூடச் சுருள் சிறுத்தது. வெளியே வேண்டியவை நான்கே: ஒரு சுருள், ஒரு ஷாட்கி டையோடு, இரண்டு கெப்பாசிட்டர். 12 வோல்ட்டை 5 ஆக்கி 3 ஆம்பியர் தரும்போதும் சுமார் 80 சதவீதம் பயனாகிறது. எளிய பட்டறைக்கும் எட்டிய இந்த வடிவமைப்பைப் பெரிய சாதனை என்றே சொல்ல வேண்டும்.

சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு, சூரிய ஒளி வீடுகளுக்கு 48 வோல்ட் நேர்மின்சாரத்தைத் தேர்ந்தது. அங்கும் செல்போனுக்கு வோல்ட்டைக் குறைத்தாக வேண்டும். ஆனால் எல்எம்2596 தாங்குவது 40 வோல்ட்தான். 60 வோல்ட் தாங்கும் எல்எம்2576எச்வி போன்ற ரகம் தேவை. சில்லை வாங்குமுன் தரவுத்தாளில் அந்த உச்ச வரம்பைப் பார்த்துவிடுங்கள்.